கோமாளி மீன் அப்பா முட்டையைக் காக்க வேண்டுமானால்: ஹார்மோன் அறிந்து தொட்டி அமைப்பது

முட்டை இட்ட மறுநாள் காலையில், முட்டைகள் ஒட்டியிருந்த தரை ஓடு வெறுமையாகக் கிடந்தால், பழி ஆண் மீன் தலையில்தான் விழும். "இது முட்டை தின்னி" என்று முத்திரை குத்திவிட்டு வேறு ஆண் தேடப் புறப்படுகிறவர்கள் மொரீசியஸ் மீன் வளர்ப்பாளர்களிடையே நிறைய. பெரும்பாலும் அந்த ஆணிடம் குறை ஏதும் இருக்காது. முட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு அதன் உடம்பு வரவில்லை, அல்லது வந்த நிலையை நாமே கலைத்திருப்போம்.

தந்தைமையைத் தூண்டும் ஹார்மோனை வெளியிலிருந்து ஊற்ற முடியாது. பெண்ணின் அளவு, முட்டையின் தோற்றம், விளக்கு அணையும் நேரம், சுற்றுப்புற அமைதி ஆகியவற்றுக்கு மீனின் மூளை தரும் பதில்தான் ஹார்மோன். அந்தக் குறிகளைச் சரியாக அமைத்துக் கொடுப்பதே வளர்ப்பவரின் வேலை. கீழே உள்ள அளவுகள் ஓசெல்லாரிஸ் என்னும் சாதாரண ஆரஞ்சுக் கோமாளி மீனுக்கானவை. மஸ்கரீன் கடலுக்கே உரிய கிரைசோகாஸ்டர் கோமாளி மீனை, அதாவது கரும்பழுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்டதை, பவளப்பாறையிலேயே விட்டுவிடுங்கள். வளர்ப்பில் பிறந்த ஓசெல்லாரிஸ் வாங்குங்கள். அது நம் கடல் மீன் அல்ல, ஆகவே எந்தக் காரணத்துக்காகவும் லகூனில் கொண்டுபோய் விடக்கூடாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கோமாளி மீனில் முட்டையைக் கவனிப்பது பெரும்பாலும் ஆண்தான். துடுப்பால் விசிறி நீரோட்டம் கொடுக்கும், வாயால் முட்டைகளைத் தொட்டுச் சுத்தம் செய்யும், செத்த முட்டைகளைப் பொறுக்கி எடுக்கும். பெண் பெரியது, காவல் அதன் பொறுப்பு. இந்த வேலைப் பங்கீட்டுக்குப் பின்னால் மூளையின் ப்ரீஆப்டிக் பகுதியில் சுரக்கும் இரண்டு சிறு புரதக்கூறுகள் இருக்கின்றன. ஒன்று ஐசோடோசின். பாலூட்டிகளில் ஆக்சிடோசின் எதுவோ, மீன்களில் இது. மற்றது வாசோடோசின், பாலூட்டிகளின் வாசோபிரெசினுக்கு இணையானது.

அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ரோட்ஸின் ஆய்வகம் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த மீனிலேயே செய்யப்பட்டது. ஐசோடோசினின் ஏற்பியை (அது வந்து ஒட்டிச் செயல்படும் இடத்தை) மருந்தால் அடைத்தபோது ஆணின் முட்டைப் பராமரிப்பு குறைந்தது. வாசோடோசினின் ஏற்பியை அடைத்தபோது பராமரிப்பு கூடியது. ஒன்று முட்டையின் பக்கம் இழுக்கிறது, மற்றது அதிலிருந்து விலக்குகிறது. வாசோடோசின் பல மீன்களில் சண்டையோடும் எல்லைக் காவலோடும் தொடர்புடையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒரு நடைமுறைப் பாடம் கிடைக்கிறது: சண்டைக்குக் காரணம் குறையக் குறைய அப்பாவின் நேரம் முட்டைக்குப் போகும்.

அடுத்தது 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன். மீன்களில் முதன்மையான ஆண் ஹார்மோன் டெஸ்டோஸ்டிரோன் அல்ல, இதுதான். முள்முதுகு மீனான ஸ்டிக்கிள்பேக்கில் கூடு கட்டிக் காதலிக்கும் காலத்தில் இது உயர்ந்து, குஞ்சு காக்கும் காலத்தில் இறங்குகிறது. இதை வைத்து "ஆண் ஹார்மோன் குறைந்தால்தான் நல்ல அப்பா" என்று பொது விதி எழுதிவிடுகிறார்கள். அது தவறு. நீலப்பட்டை கோபி மீனில் இந்த ஹார்மோன் உருவாவதைத் தடுத்தபோது பராமரிப்புதான் குறைந்தது, திரும்பக் கொடுத்தபோது மீண்டது. இனத்துக்கு இனம் கணக்கு வேறு. ஒரு மீனில் படித்ததை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

புரோலாக்டின் என்னும் ஹார்மோன் நன்னீர் மீன்களில் உடல் உப்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்வது. ஸ்டிக்கிள்பேக் ஆணுக்கு அதை ஊசியில் ஏற்றியபோது விசிறல் கூடியது.

கடைசியாக, வளர்ப்பவர் கையில் நேரடியாகச் சிக்குவது கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோன். லார்ஜ்மவுத் பாஸ் மீனில் கூடு காக்கும் ஆண்களுக்குக் கார்ட்டிசாலைக் கூடுதலாகக் கொடுத்தபோது அவை கூட்டை முன்கூட்டியே கைவிட்டன. தொட்டிக்குள் கையை நுழைப்பது, கண்ணாடியைத் தட்டுவது, வெப்பநிலை ஏறி இறங்குவது எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும்.

ஹார்மோன் தீவனம் பற்றி ஒரு வார்த்தை. திலாப்பியா பண்ணைகளில் குஞ்சுகளை எல்லாம் ஆணாக்க, கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் கலந்து மூன்று நான்கு வாரம் கொடுப்பதுண்டு. அதைக் கேள்விப்பட்டுக் கோமாளி மீனுக்கும் தந்தால் என்ன என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அது இனப்பெருக்க உறுப்பைக் குழப்பும் மருந்து. பராமரிப்பைத் தூண்டும் மருந்து என்று ஒன்று கடையில் கிடையாது.

முதலில் ஜோடி

கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறக்கூடியவை. ஒரு குழுவில் மிகப் பெரியது பெண், அடுத்தது இனப்பெருக்கம் செய்யும் ஆண், மற்றவை வளராமல் காத்திருக்கும் சிறுசுகள். ஆகவே ஆண் எது பெண் எது என்று கடையில் கேட்டு வாங்கத் தேவையில்லை. ஒன்று 4 சென்டிமீட்டர், மற்றது 2.5 சென்டிமீட்டர் என்று தெளிவான அளவு வித்தியாசத்தில் இரண்டு இளம் மீன்களை வாங்கினால் போதும். பெரியது பெண்ணாகும். சிறியது அதன் முன்னால் உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து நடுங்கிக் காட்டினால் ஜோடி அமைகிறது என்று பொருள். முதல் முட்டைக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏற்ற மீன் அல்ல.

பெண் செத்துவிட்டால் ஓடிப்போய் இன்னொரு வளர்ந்த பெண்ணை வாங்கி விடாதீர்கள். பெண் இல்லாத நிலையில் பழைய ஆணின் மூளை மாறத் தொடங்கிவிடும். இந்த மீனில் மூளையின் மாற்றம் இனப்பெருக்க உறுப்பின் மாற்றத்துக்கு முன்பே நடக்கிறது, உறுப்பு பல மாதம் பின்தங்கலாம். இந்த நிலையில் இரண்டு "பெண்களை" ஒரே தொட்டியில் விட்டால் சண்டையில் ஒன்று செத்துவிடக்கூடும். சரியான வழி: இருக்கும் மீன் பெண்ணாக மாறட்டும். அதைவிடத் தெளிவாகச் சிறிய இளம் மீன் ஒன்றை விடுங்கள். நல்ல அப்பாவை இழந்த வருத்தம் இருக்கும்தான், ஆனால் அவர் இனி அம்மா.

தொட்டியும் நீரும்

ஒரு ஜோடிக்கு 75 லிட்டர் போதும். வேறு மீன் வேண்டாம். அழகுக்காக விடும் ஒரு டாம்சல் மீன்கூட ஆணின் கவனத்தை நாள் முழுக்க முட்டையிலிருந்து எல்லைக் காவலுக்கு இழுக்கும். நண்டு, தூரிகைப் புழு போன்றவை பாறையோடு வந்திருந்தால் எடுத்துவிடுங்கள். இரவில் முட்டை காணாமல் போவதற்கு அவையும் காரணமாகலாம். சந்தேகம் இருந்தால் இரவில் சிவப்பு வெளிச்சம் தரும் டார்ச்சால் பாருங்கள்.

வெப்பநிலை 27 பாகை செல்சியஸ், நீரின் ஒப்படர்த்தி 1.025, பி.எச். 8.1 முதல் 8.3, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம், நைட்ரேட் 20 பி.பி.எம்.க்குள். எண்ணைவிட நிலைத்தன்மை முக்கியம். 26இல் அசையாமல் நிற்பது, 25க்கும் 29க்கும் இடையே ஊசலாடுவதைவிட நல்லது. கியூர்பிப் மேட்டு நிலத்தில் ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் வீட்டுக்குள்ளேயே குளிர் தெரியும். அங்கே 75 லிட்டருக்கு 100 வாட் ஹீட்டர் கட்டாயம். போர்ட் லூயிஸில் ஜனவரியில் சிக்கல் தலைகீழ்: மூடியைத் திறந்து, நீரின் மேற்பரப்பில் சிறு மின்விசிறியைக் காட்டினால் இரண்டு பாகை வரை இறங்கும். ஆவியாகும் அளவுக்கு நன்னீரை, உப்பு நீரை அல்ல, தினமும் நிரப்ப வேண்டும்.

கடல் நீர் கொண்டுவருகிறவர்கள் ஆற்று முகத்துவாரத்தையும் கரும்புத் தோட்டத்து நீர் வடியும் இடத்தையும் தவிர்க்கவும். பெருமழைக்குப் பிறகு ஒரு வாரம் எடுக்காதீர்கள். 100 லிட்டர் நீருக்கு 5 விழுக்காட்டு, வாசனை சேர்க்காத ப்ளீச் 20 மில்லிலிட்டர் கலந்து ஓரிரவு காற்றூட்டி வையுங்கள். மறுநாள் 7 கிராம் சோடியம் தயோசல்ஃபேட் கரைத்துவிட்டு, நீச்சல் குளத்துக்கான குளோரின் சோதனைச் சொட்டால் பாருங்கள். நிறம் வந்தால் இன்னும் குளோரின் இருக்கிறது, தொட்டியில் ஊற்றாதீர்கள்.

நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை சூறாவளி எச்சரிக்கைக் காலம். மின்சாரம் போனால் விசிறி விசிறியே முட்டையைக் காப்பாற்ற ஆண் முயலும், ஆனால் தொட்டி நீரிலேயே ஆக்சிஜன் இல்லை என்றால் அதன் உழைப்பு வீண். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை எப்போதும் தொட்டி அருகிலேயே வையுங்கள்.

முட்டையிட, பூச்சில்லாத தரை ஓடு ஒன்றைக் கண்ணாடியில் சாய்த்து வையுங்கள், அல்லது 12 சென்டிமீட்டர் மண் பூந்தொட்டியைப் படுக்க வையுங்கள். ஜோடி இரவில் தங்கும் மூலைக்கு அருகே இருக்கட்டும். அனிமோன் அவசியமில்லை. ஓட்டின் முகம் உங்கள் நாற்காலியை நோக்கி இருந்தால், பின்னால் கணக்கெடுக்க வசதி.

விளக்கு நாளுக்கு 13 மணி நேரம், டைமர் வைத்து. கையால் போட்டு அணைக்க வேண்டாம். தீவனம் நாளுக்கு மூன்று வேளை: நறுக்கிய இறால், உறைய வைத்த மைசிஸ் என்னும் சிற்றிறால், மீன் சினை. பத்து நிமிடத்தில் தின்னாததை எடுத்துவிடவும். முட்டைக் காலத்தில் தீவனத்தைக் குறைத்தால், பசித்த அப்பா முட்டையைத் தின்னும். அது கொடுமை அல்ல, கணக்கு: இந்த ஈட்டில், அதாவது ஒருமுறை இட்ட முட்டைத் தொகுதியில், போட்ட உழைப்பை அடுத்த ஈட்டுக்கு மீட்டுக்கொள்கிறது.

முட்டை இட்ட பிறகு

பெரும்பாலும் பிற்பகலில் இடும். அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இரண்டும் ஓட்டைக் கடித்துச் சுத்தம் செய்யும். பெண்ணின் வயிற்றடியில் சிறு குழாய் போன்ற உறுப்பு வெளியே தெரியும். ஆண் பின்தொடர்ந்து கருவுறச் செய்யும். முட்டைகள் சில நூறு இருக்கும், சுமார் 2 மில்லிமீட்டர் நீளம், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம்.

முதல் இரண்டு நாட்களில் ஆண் முட்டையருகே வந்து வந்து போகும். சில முட்டைகளை எடுப்பதையும் பார்ப்பீர்கள். வெண்மையாகிச் செத்தவற்றை எடுப்பது சரியான வேலை. அவற்றை விட்டால் பூஞ்சை பரவும். நான்கு ஐந்து நாளில் நிறம் பழுப்பாகி, கருவின் கண்கள் புள்ளியாகத் தெரியும். ஏழெட்டாம் நாள் கண்கள் வெள்ளியாக மின்னும். கரு வளர வளர ஆக்சிஜன் தேவை கூடுவதால் விசிறலும் நாளுக்கு நாள் கூட வேண்டும். கூடவில்லையென்றால் ஏதோ தடை இருக்கிறது.

இந்த எட்டு நாளும் செய்யக்கூடாதவை: தொட்டியில் பெரிய அளவில் நீர் மாற்றுவது, பாறைகளை நகர்த்துவது, ஓட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது, பெண்ணைப் பிரிப்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் "அப்பாவுக்குத் தொந்தரவு வேண்டாம்" என்று செய்கிறார்கள். பெண் காவலை விட்டால் அந்த வேலையும் ஆணின் தலையில் ஏறும். தைப்பூசக் காவடி, தீபாவளி என்று வீட்டில் உறவினர் நிறையும் நாட்களில் தொட்டியின் மூன்று பக்கத்தையும் காகிதத்தால் மூடிவிடுங்கள். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டாமல் இருக்க வேறு வழி இல்லை.

முதல் ஓரிரு ஈடுகள் வீணாவது வழக்கம். ஒரே நிலையில் வைத்திருந்தால் பழகும். வீணாகிக்கொண்டே போனால் எப்போது மறைகிறது என்று பாருங்கள். முதல் நாளிலேயே எல்லாம் மறைந்தால் கருவுறவில்லை என்று சந்தேகிக்கலாம்: ஆண் மிக இளையது, அல்லது "ஆண்" என்று நினைத்தது இன்னும் முதிரவில்லை. மூன்றாம் நான்காம் நாளில் திட்டுத் திட்டாக மறைந்தால் இரவுத் திருடனையோ தீவனத்தையோ பாருங்கள். ஏழாம் எட்டாம் நாளில் ஒரே இரவில் முழுவதும் மறைந்து, ஆண் வயிறு உப்பாமல் இருந்தால் அது பொரித்துவிட்டது. குஞ்சுகள் வடிகட்டியில் போயிருக்கும்.

தனக்குச் சம்பந்தமில்லாத முட்டைகளைக்கூடக் கோமாளி ஆண் பராமரிக்கத் தொடங்குவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். முட்டையைக் காண்பதே ஒரு வலுவான குறி. ஆகவே ஓட்டை முதல் நாளே எடுத்து, காற்றுக்கல்லை வைத்துப் பொரிக்க நினைப்பது அந்த அப்பாவுக்குப் பயிற்சியே கிடைக்காமல் செய்வது போல. கடைசி இரவு வரை அதனிடமே இருக்கட்டும்.

கணக்கெடுப்பது

ஹார்மோனைப் பார்க்க முடியாது, நடத்தையைப் பார்க்கலாம். கைபேசியை முக்காலியில் பொருத்தி, ஒரு மீட்டர் தள்ளி வைத்து, பதிவைத் தொடங்கிவிட்டு நீங்கள் வெளியேறுங்கள். முதல் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு அடுத்த பத்து நிமிடத்தைக் கணக்கிடுங்கள். காலை, பிற்பகல், விளக்கணைக்க ஒரு மணி முன்பு என மூன்று முறை. எழுத வேண்டியவை: ஓட்டிலிருந்து ஓர் உடல் நீளத்துக்குள் இருந்த விநாடிகள், விசிறிய விநாடிகள், வாயால் தொட்ட முறைகள், விலகிப் போய் விரட்டிய முறைகள். விரட்டல் ஏறி விசிறல் இறங்கினால் சண்டைக்குக் காரணமானது எதுவென்று தேடுங்கள். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பமாகவும் இருக்கலாம். பின்புறக் கண்ணாடிக்குக் கறுப்பு அட்டை ஒட்டினால் தீரும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் நீர்ச் சோதனை.

ஆய்வகம் கைக்கெட்டும் மாணவர்களுக்கு

ரெடுயியில் உள்ள பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் படிப்பவர்கள், ரத்தம் எடுக்காமல் ஹார்மோன் அளக்கலாம். 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டு வகை ஹார்மோன்கள் மீனின் செவுள் வழியாக நீரில் கசியும், அதைப் பிடிப்பதுதான் முறை. விலங்கு ஆய்வு அனுமதி வாங்கியபின் தொடங்குங்கள்.

1. கண்ணாடிக் குவளையை எத்தனாலால் கழுவி உலர்த்தவும். ரப்பர் கையுறை கட்டாயம், நம் தோலிலேயே ஸ்டீராய்டு இருக்கிறது.
2. புதிய, அதே வெப்பநிலை உப்பு நீரை 300 மில்லிலிட்டர் ஊற்றி, மீனை ஒரு மணி நேரம் விடவும். நாளின் ஒரே நேரத்தில் மட்டும் எடுக்கவும், ஹார்மோன் மணிக்கு மணி மாறும். மீன் விடாத ஒரு குவளையையும் ஒப்பீட்டுக்கு வைக்கவும்.
3. சி18 நிரலில் (நீரிலுள்ள ஹார்மோனைப் பிடித்து வைக்கும் சிறு குழாயில்) மெத்தனால் 2 மில்லிலிட்டர் இருமுறை, பிறகு காய்ச்சி வடித்த நீர் 2 மில்லிலிட்டர் இருமுறை விட்டுத் தயார் செய்து, மாதிரி நீரை மெல்ல இழுக்கவும்.
4. காய்ச்சி வடித்த நீரால் உப்பைக் கழுவவும். இதைத் தவிர்த்தால் சோதனை குழம்பும்.
5. மெத்தனால் 2 மில்லிலிட்டர் இருமுறை விட்டு ஹார்மோனை இறக்கி, நைட்ரஜன் ஓட்டத்தில் 37 பாகையில் உலர்த்தி, 11-கீட்டோடெஸ்டோஸ்டிரோன் எலைசா கிட்டில் (எதிர்ப்பொருளால் ஹார்மோனை அளக்கும் சோதனைத் தொகுப்பில்) அளக்கவும்.

மீனின் எடையால் வகுத்து எழுதாவிட்டால் பெரிய மீன் எப்போதும் கூடுதல் ஹார்மோன் உள்ளது போலத் தெரியும். முட்டை காக்கும் ஆணை ஒரு மணி நேரம் பிரித்தால் அந்த ஈடு பாதிக்கப்படலாம். அதே ஆணை மறுநாளும் எடுத்தால் நீங்கள் அளப்பது உங்கள் வலையின் விளைவை. ஐசோடோசினும் வாசோடோசினும் சிறு புரதக்கூறுகள் என்பதால் இந்த நிரலும் கிட்டும் அவற்றுக்கு உதவாது.

பொரிக்கும் இரவு

கண்கள் வெள்ளியான அன்று மாலை, விளக்கணைவதற்கு அரைமணி முன் ஓட்டை நீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதே தொட்டி நீர் நிரப்பிய 30 லிட்டர் கறுப்புப் பக்கத் தொட்டிக்கு மாற்றுங்கள். காற்று படக்கூடாது. ஓட்டின் அடியில் காற்றுக்கல் வைத்து, குமிழிகள் முட்டையைத் தொடாமல் பக்கத்தில் ஏறும்படி அமையுங்கள். அப்பாவின் விசிறலுக்கு மாற்று இது. முட்டைகள் மெல்ல அசைய வேண்டும், கிழியக்கூடாது. முழு இருட்டு. மோட்டார்களின் சிறு பச்சை விளக்குகளைக்கூட மூடுங்கள், வெளிச்சம் இருந்தால் பொரிப்பது தள்ளிப்போகும். இருட்டிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரித்துவிடும்.

மறுநாள் காலையிலிருந்து ரோட்டிஃபர் என்னும் நுண்ணிய நீருயிர் மில்லிலிட்டருக்கு 10 முதல் 15 இருக்க வேண்டும். நானோகுளோராப்சிஸ் பாசியால் நீர் இளம்பச்சையாக இருக்கட்டும். ஆறேழாம் நாளிலிருந்து புதிதாய்ப் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றிறால். இரண்டாம் வாரத்தில் வெள்ளைப் பட்டை தெரியத் தொடங்கும். குஞ்சுகளைக் கொல்வது பெரும்பாலும் அம்மோனியா, ஆகவே தினமும் அளந்து, சொட்டுக் குழாயால் நீர் மாற்றுங்கள்.

காலி ஓட்டை நன்னீரில் கழுவி, அன்றே பெரிய தொட்டியில் பழைய இடத்தில் பழைய சாய்வில் வையுங்கள். ஆண் அதைத் தேடிக்கொண்டிருக்கும். நல்ல ஜோடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடும். ஓடு இல்லையென்றால் எடுக்க முடியாத பாறை இடுக்கில் இட்டுவிடும்.